மேகப் பின்னூட்டத்தைக் காலநிலைக் கணினி மாதிரிகள் எவ்வாறு மதிப்பிடுகின்றன?

கேள்வி:
கரியமில வாயு இரட்டிப்பானால் புவிக்குக் கிடைக்கும் கூடுதல் ஆற்றல் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 3.93 வாட் என்றும், பின்னூட்டங்களே (சூடேறுவதால் நேரும் மாற்றங்கள் திரும்பவும் வெப்பத்தைக் கூட்டுவது அல்லது குறைப்பது) இல்லையென்றால் வெப்பநிலை 1.2 டிகிரிதான் உயரும் என்றும் படித்தேன். 2021-இல் வெளிவந்த ஐபிசிசி (காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா. அறிவியல் குழு) அறிக்கை நீராவிக்கும் உயரத்தோடு வெப்பம் குறையும் வீதத்துக்கும் சேர்த்து 1.30, மேகத்துக்கு 0.42, பனிப்பரப்பின் எதிரொளிப்புக்கு 0.35 என மதிப்பிடுகிறது. இவற்றின் கூட்டுத்தொகையான 2.07-ஐ 1.2-உடன் சேர்த்தால் 3.27 டிகிரி வருகிறது. அறிக்கை கூறும் 3 டிகிரிக்கு இது நெருக்கமாகவே உள்ளது. என் கணக்கு சரியா?

மறுமொழி 1:
விடை நெருங்கியது தற்செயல். 2.07 என்பது டிகிரி அன்று. வெப்பநிலை ஒரு டிகிரி உயரும்போது சதுர மீட்டருக்கு எத்தனை வாட் கூடுதலாகத் தங்குகிறது என்பதன் அளவு. சூடான புவி விண்வெளிக்கு உமிழ்வதால் ஒரு டிகிரிக்கு 3.22 வாட் வெளியேறுகிறது, அதிலிருந்து 2.07-ஐக் கழித்தால் எஞ்சுவது 1.15. 3.93-ஐ அதனால் வகுத்தால் 3.4 டிகிரி. பின்னூட்டம் வகுஎண்ணில் அமர்ந்திருப்பதுதான் சிக்கலின் வேர். மேகத்துக்கு அறிக்கை தரும் வீச்சு -0.10 முதல் 0.94 வரை. கீழ் எல்லையை இட்டால் 2.4 டிகிரி, மேல் எல்லையை இட்டால் 6.2 டிகிரி: இருபுறமும் விலகல் சமம், விளைவோ சமமன்று. பழங்காலக் காலநிலைச் சான்றுகள் போன்ற பிற தடயங்களையும் சேர்த்துப் பார்த்தே அறிக்கை 3-க்கு வந்தது.

கேட்டவர்:
அலகைக் கவனிக்காமல் கூட்டிவிட்டேன். அந்த 0.42 போன்ற எண்ணை மாதிரியிலிருந்து எப்படிப் பிரித்தெடுக்கிறார்கள்?

மறுமொழி 2:
நீராவி, வெப்பநிலை, எதிரொளிப்பு ஆகிய ஒவ்வொன்றும் சிறிதளவு மாறினால் வளிமண்டல உச்சியில் கதிர்வீச்சு எவ்வளவு மாறும் என்பதை முன்கூட்டியே அட்டவணையாகக் கணித்து வைத்துக்கொண்டு, மாதிரி காட்டும் மாற்றத்தை அதனால் பெருக்குவார்கள். மேகத்துக்கு மட்டும் இந்த வழி நேரடியாக ஒத்துவராது. மேகமுள்ள வானத்துக்கும் தெளிந்த வானத்துக்கும் இடையிலான கதிர்வீச்சு வேறுபாட்டை எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆனால் மேகம் துளியும் மாறாமல் நீராவி மட்டும் கூடினாலும் அந்த வேறுபாடு மாறிவிடும். இந்த மறைப்பு விளைவைத் திருத்தாமல் எடுத்த எண்ணை மேகப் பின்னூட்டம் என்று சொல்வது, என் பார்வையில், இத்துறைக்குப் புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

மறுமொழி 3:
மொத்தப் பின்னூட்டம் மட்டும் போதுமென்றால், கரியமில வாயுவை ஒரே நொடியில் நான்கு மடங்காக்கி மாதிரியை 150 ஆண்டுகள் ஓடவிட்டு, ஆற்றல் சமமின்மையை (புவிக்கு வரும் ஆற்றலுக்கும் வெளியேறும் ஆற்றலுக்கும் உள்ள வேறுபாட்டை) வெப்பநிலைக்கு எதிராக வரைந்து சாய்வைப் பார்க்கலாம். ஆனால் பல மாதிரிகளில் அது நேர்கோடாக அமைவதில்லை. தென்முனைப் பெருங்கடலும் கிழக்குப் பசிபிக்கும் தாமதமாகச் சூடேறுவதால், முதல் இருபது ஆண்டுகளின் சாய்வை மட்டும் சமமின்மை சுழியாகும் வரை நீட்டினால் இறுதி வெப்பநிலை பெரும்பாலும் குறைவாகவே வரும்.