வியாழக்கிழமை ஒரே நாளில் இரண்டு சந்தைகள்: அத்தையை அழைத்துச் செல்ல வழி சொல்லுங்கள்

எபேன்வாசி கேட்கிறார்:

நான் திருச்சிக்காரன். மொரீசியஸுக்கு வந்து, எபேனில் வேலையில் சேர்ந்து இரண்டு மாதங்கள்தாம் ஆகின்றன. அடுத்த வாரம் என் அப்பாவின் தமக்கை என்னைப் பார்க்க வருகிறார். கடற்கரையையும் சமாரெலின் ஏழு வண்ண மண்ணையும் வாடகைக் கார்க்காரரே காட்டிவிடுவார். ஆனால் அத்தை கேட்பது அதுவன்று. "நீ இருக்கிற ஊரின் சந்தையைக் காட்டு, சனங்கள் நின்றுகொண்டே என்ன தின்கிறார்களோ அதை எனக்கும் வாங்கிக் கொடு" என்கிறார். காந்தி மார்க்கெட்டில் கொத்தமல்லிக் கட்டுக்கே பேரம் பேசி, கொசுறாகக் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டுதான் நகர்வார் அவர்.

எனக்கு வியாழக்கிழமை விடுமுறை. போர்ட் லூயிஸ் மையச் சந்தையையும் காத்ர் போர்ன் துணிச் சந்தையையும் ஒரே நாளில் பார்த்துவிட முடியுமா, முடியுமென்றால் எதை முதலில் வைத்துக்கொள்வது என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும். அத்தைக்கு வயது 64. முழங்கால் வலி உண்டு. முட்டையைக்கூடத் தொடாத சைவம். ஊரில் பதினோரு பேருக்குப் பொருள் வாங்கிப் போக வேண்டுமாம்.

வக்வா ஆசிரியர் எழுதுகிறார்:

தம்பி, கிழமையை நீங்கள் அறிந்தோ அறியாமலோ சரியாகவே தேர்ந்திருக்கிறீர்கள். காத்ர் போர்னில் புதனும் சனியும் காய்கறிச் சந்தை. துணிச் சந்தை கூடுவது வியாழனும் ஞாயிறும் மட்டுமே. ஞாயிற்றுக்கிழமை போர்ட் லூயிஸ் சந்தை நண்பகலுக்கு முன்பே அடங்கிவிடும் என்பதால், இரண்டையும் அவசரமின்றி ஒரே நாளில் பார்க்க வியாழனை விட்டால் வேறு நாள் இல்லை.

காலையில் போர்ட் லூயிஸுக்குப் போய்விடுங்கள். துறைமுக நகரம் ஆதலால் பத்து மணிக்கு மேல் அங்கே வெயில் மண்டையைப் பிளக்கும். காத்ர் போர்ன் மேட்டுநிலத்தில் இருப்பதால் பிற்பகலிலும் காற்று இருக்கும், சொல்லாமல் கொள்ளாமல் தூறலும் வரும், ஆகையால் குடை வேண்டும். இரண்டு ஊர்களையும் மெட்ரோ இணைக்கிறது. ஏறக்குறைய அரை மணி நேரப் பயணம்.

போர்ட் லூயிஸ் சந்தையின் இரும்பு வாயிலில் விக்டோரியா அரசியின் முதலெழுத்துகள் இன்றும் இருக்கின்றன. உள்ளே கீழ்த்தளத்தில் காய்கறி, கீரை, மூலிகைக் கஷாயச் சரக்கு. நினைவுப் பொருள்களும் கைவினைப் பொருள்களும் மேல்தளத்தில். முழங்காலை எண்ணி மாடிப்படியை ஒருமுறை மட்டும் ஏறும்படி திட்டமிடுங்கள். காய்கறிப் பலகையில் விலையைப் பார்த்து அத்தை 'மலிவு' என்று மகிழ்வதற்கு முன், 'லீவ்ர்' என்றால் அரைக் கிலோதான் என்பதை அவர் காதில் போட்டு வையுங்கள். காயில் பேரம் பெரிதாகப் படியாது. மேல்தளத்தில் நன்றாகவே படியும்.

ஒரு செய்தியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அத்தை கையில் இந்நாட்டு நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்து உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் உள்ள படம் ரெங்கநாதன் சீனிவாசன் என்ற நம் தமிழருடையது. தொகையும் தமிழில் எழுதப்பட்டிருக்கும். 1998இல் வெளியிட்ட தாள்களில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கி அச்சிட்டபோது இங்குள்ள தமிழர் கொதித்தெழுந்ததால், அந்தத் தாள்களையே திரும்பப் பெற்றுப் பழைய வரிசையில் மறுபடியும் அச்சிட்டார்கள். நான் அப்போது பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அந்த வாரம் வகுப்பில் இலக்கணம் நடக்கவில்லை.

ரோஸ்ஹில் தையற்காரி எழுதுகிறார்:

ஆசிரியர் ஐயா சொன்ன வரிசையை நான் ஒப்பவில்லை. காலை ஒன்பது மணிக்குக் காத்ர் போர்னில் அளவு முழுவதும் இருக்கும். பிற்பகலில் போனால் மிகச் சிறியதும் மிகப் பெரியதும்தான் மிஞ்சியிருக்கும். கடை கட்டும் நேரத்தில் விலை இறங்கும் என்பது உண்மையே. ஆனால் பதினோரு பேருக்கு அளவு பார்த்து வாங்குகிறவருக்கு அந்தச் சலுகையால் என்ன பயன்?

துணியைப் பற்றி நான் முப்பது ஆண்டுகளாகக் கற்றதைச் சொல்கிறேன். இந்தத் தீவில் 1970 முதல் ஏற்றுமதிக்கென ஆடைத் தொழிற்சாலைகள் பெருகின. ஐரோப்பாவுக்குத் தைத்ததில் மிஞ்சியதும் சிறு குறை கண்டு ஒதுக்கியதும் சந்தைக்கு வரும். கழுத்துப் பட்டையில் அடையாளச் சீட்டைப் பாதியாக வெட்டியிருந்தால் முகம் சுளிக்க வேண்டாம். அநேகமாக அதுதான் நல்ல சரக்கு. சட்டையை உள்புறமாகத் திருப்பி, பக்கத் தையல் அக்குளிலிருந்து அடிவரை நேராக இறங்குகிறதா என்று பாருங்கள். அது முன்பக்கம் சுற்றிக்கொண்டு வந்தால் முதல் சலவையிலேயே சட்டை முறுக்கிக்கொள்ளும். அடர்ந்த நிறமாக இருந்தால் ஈரக் கைக்குட்டையால் மடிப்பில் தேய்த்துப் பாருங்கள். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். இப்போது பாதிக் கடைகளில் வெளிநாட்டு இறக்குமதிதான். திருப்பூரில் தைத்த பனியனைக் கடல் கடந்து வந்து வாங்கி, மறுபடியும் திருச்சிக்கே அத்தை சுமந்து போக வேண்டாம்!

விலை கேட்க 'கொம்யே சா?' என்று இத்தீவின் பேச்சுமொழியான கிரியோலில் கேளுங்கள். தொகை சொன்னதும் பேசாமல் துணியை மடித்து அதே இடத்தில் வையுங்கள். அடுத்த தொகை தானாக வரும்.

மூன்றாண்டு மொரீசியன் எழுதுகிறார்:

நான் மதுரையிலிருந்து வந்தவன். சாப்பாட்டு விவகாரத்தை என்னிடம் விடுங்கள். முதலில் தால் பூரி. மஞ்சள் பட்டாணிப் பருப்பை வேகவைத்து அரைத்து, மஞ்சளும் சீரகமும் கலந்து, மாவுக்குள் பொதிந்து, கைக்குட்டை போல மெலிதாகத் தேய்த்துக் கல்லில் போடுகிறார்கள். மேலே பட்டர் பீன்ஸ் குழம்பு, 'ருகாய்' எனப்படும் தக்காளித் தொக்கு, கொத்தமல்லித் துவையல், ஊறுகாய். எல்லாவற்றையும் வைத்துச் சுருட்டித் தாளில் மடித்துக் கொடுக்கிறபோது தாளின் அடிமுனையில் எண்ணெய் மெல்லப் பரவிக்கொண்டிருக்கும். அது கைக்கு வந்ததும் நின்ற இடத்திலேயே குனிந்து தின்றுவிட வேண்டும், இல்லாவிட்டால் குழம்பு வேட்டிக்கு வரும்.

இங்கே தால் பூரியை இணையாகத்தான் விற்பார்கள். ஓர் இணைக்குக் கிரியோலில் 'என் பேர்'. வந்த முதல் வாரம் கடைக்காரர் என்னைப் பார்த்து "என் பேர்?" என்று கேட்க, தமிழ் பேசுகிறாரே என்று நெகிழ்ந்து நான் என் பெயரையும் ஊரையும் சொன்னேன். பின்னால் வரிசையில் நின்ற அம்மாள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அடுத்தது கத்தோ பிமாம். 'மிளகாய்ப் பலகாரம்' என்று பொருள், ஆனால் வாயில் போட்டால் நம் மசால் வடையின் ஒன்றுவிட்ட தம்பி. சூடான ரொட்டிக்குள் வெண்ணெயோடு நாலைந்தை வைத்துக் காலையில் தின்பது இவ்வூர் வழக்கம். சமூசாவை மட்டும் கேட்டு வாங்குங்கள். உள்ளே இறைச்சியோ மீனோ இருக்கலாம். வெயிலுக்கு அலுடா. பால், நிறப்பாகு, சப்ஜா விதை, அதில் மிதக்கும் ஜெல்லி ஆகியவற்றோடு, போர்ட் லூயிஸ் சந்தைக்குள்ளேயே கிடைக்கும்.

எபேன்வாசி:

அந்த ஜெல்லி எதில் செய்தது? அத்தையின் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். மேலும், பதினோரு பேருக்கும் சட்டை வாங்கினால் பெட்டி கொள்ளாது. வேறு என்ன வாங்கலாம்?

வக்வா ஆசிரியர்:

அகர் அகர், அதாவது கடற்பாசி. எங்கள் வீட்டில் காவடி விரத நாள்களிலும் செய்கிறோம். ஆயினும் கடைக்குக் கடை கேட்டுக்கொள்வது நல்லது.

பொருளுக்கு வனிலா மணமூட்டிய தேயிலைப் பொட்டலங்களை வாங்குங்கள், கனமில்லை, உடையாது. தாழையோலையில் பின்னிய பைகளும் நன்று. ஒரு காலத்தில் சர்க்கரையை மூட்டை கட்டியதே இந்த ஓலைச் சாக்கில்தான். மிளகாய் விழுதுக் குப்பி வாங்கினால் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் வையுங்கள். விமானநிலையத்தில் என் மைத்துனர் இரண்டு குப்பிகளைப் பறிகொடுத்தார். தையற்கார அம்மா சொன்ன வரிசையே உங்களுக்குப் பொருந்தும் என்று இப்போது எனக்கும் படுகிறது. பகல் வெயிலுக்கு மட்டும் அத்தைக்கு ஒரு தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

எபேன்வாசி:

போய் வந்துவிட்டோம். காலையில் துணி, பிற்பகலில் போர்ட் லூயிஸ். அத்தை ஏழு சட்டைகளையும் உள்புறம் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பணம் எடுத்தார். தால் பூரி இரண்டு இணை. அலுடாவை முதலில் ஐயத்தோடு உறிஞ்சி, பிறகு என் கோப்பையையும் வாங்கிக்கொண்டார்.

மேல்தளத்தில் ஓலைப் பைக்கு நடந்த பேரம்தான் அன்றைய திருவிழா. கடைக்கார அம்மையார் கணக்குப்பொறியில் 450 என்று அழுத்திக் காட்ட, அத்தை அதை வாங்கி 200 என்று அழுத்தித் திருப்பிக் கொடுத்தார். அவர் கிரியோலிலும் இவர் தமிழிலுமாகப் பேச, பொறி நான்கு முறை கை மாறியது. 300க்கு முடிந்தது, கொசுறாக ஒரு சிறிய ஓலைத் தொப்பி. பணம் கொடுக்கையில் நூறு ரூபாய்த் தாளில் தமிழைப் பார்த்தவர், ஒன்றை மட்டும் செலவழிக்காமல் மடித்து மணிபர்சின் உள்ளறையில் வைத்துக்கொண்டார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமையும் ஒரு சந்தை வேண்டும் என்கிறார். ஃப்ளாக் சந்தை அன்று உண்டா?

ரோஸ்ஹில் தையற்காரி:

உண்டு, புதனும் ஞாயிறும். காலையிலேயே போங்கள், அந்தத் தொப்பியை அத்தை போட்டுக்கொள்ளட்டும்.