கேம் திறந்தால் ரீஸ்டார்ட் ஆகிறது: எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட் போடலாம்?

அம்பத்தூரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பையன், ஐ5 12400எஃப் பிராசசர் போட்ட கம்ப்யூட்டரில் பழைய சின்ன கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு மாட்டினான். பிரவுசர், கோடிங் எல்லாம் நன்றாக ஓடும். கேம் லோட் ஆகும்போது மட்டும் பொட்டென்று அணைந்து திரும்ப ஆன் ஆகும். கடையில் கேட்டால் "கார்டு போயிருக்கும்" என்றார்களாம். அவன் அப்பா இன்னும் இஎம்ஐ கட்டிக்கொண்டிருக்கும் கார்டு அது.

கேபினட்டைத் திறந்ததும் முதலில் எஸ்எம்பிஎஸ், அதாவது உள்ளே எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி, அதன் ஸ்டிக்கரைப் பார்த்தேன். கேபினட்டோடு சேர்ந்தே வந்தது. பெரிய எழுத்தில் 450 வாட். கீழே பொடி எழுத்தில் 12 வோல்ட்டுக்கு 18 ஆம்பியர். பெருக்கினால் 216 வாட். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் இந்த 12 வோல்ட் லைனைத்தான் நம்பியிருக்கின்றன. 3.3, 5 வோல்ட் லைன்களில் மீதி வாட்டைக் காட்டி 450 என்று போட்டிருந்தால் நமக்கு என்ன லாபம்?

12400எஃப் முழு வேகத்தில் 117 வாட் வரை போகும். 3060க்கு 170. இரண்டும் சேர்ந்தே 287. போர்டு, ராம், எஸ்எஸ்டி, ஃபேன்களுக்கு இன்னொரு 50 வையுங்கள். 18 ஆம்பியர் எப்படித் தாங்கும்? அதிலும் கார்டுக்கான எட்டு பின் ஒயரே அந்த எஸ்எம்பிஎஸ்ஸில் இல்லை. மோலெக்ஸ் என்ற பழைய நாலு பின் ஒயரில் கன்வர்ட்டர் போட்டு ஒப்பேற்றியிருந்தார்கள். தொட்டால் ஒயர் சுட்டது. ரீஸ்டார்ட்டை விட எனக்கு அதுதான் பயமாக இருந்தது. தயவுசெய்து யாரும் அப்படி மாட்டாதீர்கள்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் 750 வாட் என்றார்கள், இன்னொரு கடையில் 850. 3060 சிப்பைத் தயாரிக்கும் என்விடியா சொல்வதே 550தான். கார்டு சில மில்லிசெகண்ட் எகிறி இழுக்கும், அதற்கும் சேர்த்துத்தான் அந்த அளவு. 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் என்ற திறன் சான்று, 12 வோல்ட்டில் 45 ஆம்பியர் உள்ளதாகப் பார்த்து வாங்கினோம். ரீஸ்டார்ட் நின்றுவிட்டது. கார்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அப்புறம், பெரிய எஸ்எம்பிஎஸ் போட்டால் கரண்ட் பில் ஏறுமா என்று அவன் அப்பா கேட்டார். ஏறாது. உள்ளே என்ன தேவையோ அதற்கேற்பத்தான் இழுக்கும்.

—

அண்ணா, உங்கள் பதிவைப் படித்தேன். வேளச்சேரியில் என்னிடமும் கிட்டத்தட்ட இதே கம்ப்யூட்டர்தான். எஸ்எம்பிஎஸ் சரியாக இருந்தது, கரண்ட் போனால் பேட்டரியில் ஓட்டும் யுபிஎஸ்தான் காலை வாரியது. 600 விஏ யுபிஎஸ் என்றால் பெரும்பாலும் 360 வாட்தான் தரும். உள்ளே 300 வாட் ஓடும்போது, எஸ்எம்பிஎஸ்ஸுக்கு 85 சதவீதத் திறன் என்று வைத்தாலும் பிளக்கிலிருந்து 353 வாட் இழுக்கும். மானிட்டரைச் சேர்த்தால் தாண்டிவிடும். மழை நேரத்தில் கரண்ட் போனால் யுபிஎஸ் கத்திவிட்டு எல்லாவற்றையும் அணைத்துவிடும். 1100 விஏ, 660 வாட் யுபிஎஸ்ஸுக்கு மாறிய பிறகு, கேமை சேவ் செய்து ஷட் டவுன் கொடுக்க நேரம் கிடைக்கிறது. அந்தத் தம்பி வீட்டில் என்ன யுபிஎஸ் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.