வீட்டில் செய்த பேஸ் கிட்டார்: 12-ஆவது ஃப்ரெட்டில் சுருதி ஏறுகிறது, சாடிலைத் தள்ள இனி இடமில்லை

மரச்சுருள்:

வணக்கம். எட்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் செய்துவந்த பேஸ் கிட்டார் போன வாரம்தான் முடிந்தது. நான்கு தந்தி, தந்தி ஆடும் நீளம் (ஸ்கேல்) 34 அங்குலம், அதாவது 863.6 மி.மீ. பாடி மஹோகனி, நெக் மேப்பிள், இரண்டையும் திருகு போட்டு இணைத்தேன். நெக்கும் நான் செய்ததுதான். ஃப்ரெட் (விரல் அழுத்தும் இடத்தில் வரும் உலோக மெட்டு) பள்ளம் அறுத்தது, நெக் வளையாமல் தாங்கும் ட்ரஸ் ராட் கம்பியைப் பதித்தது எல்லாமே முதல் தடவை. முதல் தந்தியை மாட்டி மீட்டியபோது அதிர்வு மேசைக் கால் வரை போனது. அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை.

இப்போது பிரச்சினை. வெறும் தந்தியைச் சரியாகச் சுருதி சேர்த்துவிட்டு 12-ஆவது ஃப்ரெட்டில் அழுத்தினால், தடித்த ஈ தந்தி 12 சென்ட் (சென்ட் என்றால் அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) ஏறி நிற்கிறது. ஏ 8, டி 6, ஜி 4. பாடிப் பக்கம் தந்திகள் உட்காரும் சாடில்கள் எல்லாவற்றையும் பின்பக்கம் கடைசிவரை இழுத்துவிட்டேன். ஸ்பிரிங் நசுங்கி வளையத்தோடு வளையம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, திருகில் இனி அரைச் சுற்றுக்குக்கூட இடமில்லை.

இன்னொன்று, ஆம்ப்ளிஃபயரில் விடாமல் ஓர் இரைச்சல். தந்தியைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் ஒரே மாதிரி இருக்கிறது.

ஃப்ரெட் பள்ளங்களைத் தவறாக அறுத்துவிட்டேனோ என்பதுதான் என் பயம். அப்படியென்றால் நெக்கையே தூக்கிப் போட வேண்டியதுதானா?

கீழ்சுருதி:

தந்தி புதுசா? பழைய தந்தியில் அழுக்கேறி எடை ஒரே சீராக இல்லாமல் போய்விடும், அதில் சுருதியே நிற்காது. தந்தியின் அதிர்வை வாங்கும் பிக்கப், தந்திக்கு ரொம்ப நெருக்கமாக இருந்தாலும் காந்தம் ஈ தந்தியை இழுத்துத் தொந்தரவு செய்யும். இறக்கிப் பாருங்கள்.

மரச்சுருள்:

தந்தி புதுசுதான், 45–105 தடிமன் செட். பிக்கப்பை நன்றாக இறக்கியும் பார்த்துவிட்டேன், அதே 12 சென்ட்தான்.

தச்சர் வீட்டுப் பெண்:

தம்பி, நெக்கைத் தூக்கிப் போடும் பேச்சை முதலில் விடுங்கள். பள்ளம் தவறியிருந்தால் ஒரு ஃப்ரெட்டில் ஏறும், இன்னொன்றில் இறங்கும், தாறுமாறாக இருக்கும். உங்களுக்கு நான்கு தந்தியும் ஒரே திசையில் ஏறுகிறது, தடிமன் கூடக்கூட ஏற்றமும் கூடுகிறது. எனக்கு சாடில்களைத் தாங்கும் தகடான பிரிட்ஜ் மேல்தான் சந்தேகம்.

இரும்பு ஸ்கேலால் மூன்று அளவு எடுங்கள். டேப் வேண்டாம், அதன் நுனிக் கொக்கி ஆடும். நட்டில் (நெக்கின் தலைப்பக்கம் தந்திகள் உட்காரும் பட்டை) ஃப்ரெட்போர்டைப் பார்த்த முகத்திலிருந்து முதல் ஃப்ரெட்டின் உச்சி வரை, அதே முகத்திலிருந்து 12-ஆவது ஃப்ரெட்டின் உச்சி வரை, அப்புறம் 12-ஆவது ஃப்ரெட்டிலிருந்து ஈ சாடிலில் தந்தி உட்காரும் இடம் வரை. முதலாவது 48.5, இரண்டாவது 431.8 வர வேண்டும்.

மரச்சுருள்:

மூன்று தடவை அளந்தேன் அக்கா. 48.5 சரி, 431.8 சரி. கடைசி அளவுதான், சாடில் முழுக்கப் பின்னால் இருக்கும்போதும் 431.0 தான் வருகிறது.

தச்சர் வீட்டுப் பெண்:

அப்படியானால் உங்கள் அறுப்பு பழுதில்லை. பிரிட்ஜ் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டது.

காரணத்தைச் சொல்கிறேன். கணக்குப்படி 12-ஆவது ஃப்ரெட் தந்தியின் நட்டநடுவில் இருக்க வேண்டும். ஆனால் விரலால் அழுத்தும்போது தந்தி கொஞ்சம் இழுபடுகிறது, அதனால் சுருதி ஏறுகிறது. இன்னொன்று, தடித்த தந்தி விறைப்பானது. சாடிலை விட்ட இடத்திலேயே வளைந்து ஆடாது, கொஞ்சம் தள்ளித்தான் ஆடத் தொடங்கும். ஆடும் நீளம் நாம் அளந்ததைவிடக் குறைந்துபோகிறது. இதற்கெல்லாம் ஈடாகத்தான் சாடிலைப் பின்னால் தள்ளுகிறோம், தடித்த தந்திக்கு அதிகமாக, மெல்லிய தந்திக்குக் குறைவாக. வீணையில் மெழுகில் பதித்த மெட்டையே நகர்த்திச் சுருதி சேர்த்துவிடலாம். நமக்கு ஃப்ரெட் மரத்தில் இறுகிவிட்டது, நகர்வது சாடில் மட்டும்தான்.

34 அங்குல ஸ்கேலில் சாடில் 1 மி.மீ. பின்னால் போனால் 12-ஆவது ஃப்ரெட்டில் ஏறக்குறைய 2 சென்ட் இறங்கும். உங்கள் 12, 8, 6, 4 சென்ட்டை இரண்டால் வகுத்தால் 6, 4, 3, 2 மி.மீ. ஆக ஈ சாடில் 437-லும் ஜி சாடில் 433-லும் நிற்க வேண்டும். பிரிட்ஜை 8 மி.மீ. பின்னால் கொண்டுபோனால் நான்கும் அடங்கி, ஈ தந்திக்கு இன்னும் 2 மி.மீ. மிச்சமும் இருக்கும். தந்தி மாற்றும்போது அந்த மிச்சம் தேவைப்படும்.

ஒரு சந்தேகம். பிரிட்ஜை வைத்த அன்றைக்கு எங்கிருந்து அளந்தீர்கள்? சாடில் அப்போது எங்கே இருந்தது?

மரச்சுருள்:

படித்ததும் பட்டறைக்குப் போய்ப் பழைய குறிப்பைத் தேடினேன். சாடில்களை நடுவில் வைத்துக்கொண்டு அளந்திருக்கிறேன், அதுதான் பத்திரம் என்று நினைத்தேன். அதைவிடப் பெரிய தவறு: நட்டின் ட்யூனர் (தந்தியை முறுக்கும் திருகாணி) பக்க முகத்திலிருந்து அளந்திருக்கிறேன். பென்சில் கோடு இன்னும் அங்கேயே இருக்கிறது. நட்டின் தடிமன் 5 மி.மீ., அந்த 5 அப்படியே போய்விட்டது.

தச்சர் வீட்டுப் பெண்:

பாருங்கள், கணக்கு நேராக வந்துவிட்டது. அந்த 5, சாடிலை நடுவில் வைத்ததால் போன 4 சொச்சம், இரண்டும் சேர்ந்துதான் உங்களை முட்டுச் சுவருக்குத் தள்ளியிருக்கிறது. ஜி சாடிலை ஏறக்குறைய முழுக்க முன்னால் நகர்த்தி, அதை 863.6-இல் வைத்துத்தான் பிரிட்ஜுக்குக் குறி போட வேண்டும். எந்தத் தந்திக்கும் சாடில் அந்த அளவுக்கு முன்னால் போக வேண்டி வராது, எல்லாம் பின்னால்தான்.

1951-இல் ஃபெண்டர் கொண்டுவந்த பேஸுக்கு ப்ரெசிஷன் என்று பெயர் வைத்ததே, ஃப்ரெட் இருப்பதால் சுருதி துல்லியமாக விழும் என்பதற்காகத்தான். அந்தத் துல்லியம் இந்த நாலைந்து மி.மீ.-இல்தான் இருக்கிறது.

மரச்சுருள்:

பாலிஷ் போட்ட பாடியில் மறுபடி துளை போட மனசு வரவில்லை. பழைய ஐந்து துளைகளும் வெளியே தெரியுமா? மரம் பலம் குறைந்துவிடாதா?

தச்சர் வீட்டுப் பெண்:

திருகுகள் தகட்டின் பின்விளிம்பில்தானே இருக்கின்றன? 8 மி.மீ. பின்னால் போனால் பழைய துளைகள் தகட்டுக்கு அடியில் மறைந்துவிடும். ஆனால் அப்படியே ஓட்டையாக விடாதீர்கள். நான்கு தந்தியும் சேர்ந்து 70, 80 கிலோ பாரம்போல அந்தத் திருகுகளை இழுத்துக்கொண்டே இருக்கும்.

பழைய துளையை 6 மி.மீ. டிரில்லால் சுத்தம் செய்து, கெட்டி மரத்தில் முளைக்குச்சி செய்து, மரப்பசை தடவி அடித்து இறக்குங்கள். ஒரு நாள் முழுக்கக் காயட்டும். துருத்தும் தலையைக் கூர்மையான உளியால் சீவுங்கள், ரம்பம் வைத்தால் பாலிஷில் கீறல் விழும். புதுத் துளை புது மரத்திலேயே விழுவதால் திருகு நன்றாகப் பிடிக்கும். டிரில் பிட்டில் ஆழத்துக்கு ஒரு டேப் சுற்றிக்கொள்ளுங்கள். திருகில் கொஞ்சம் சோப்பு தேய்த்தால் தலை முறியாமல் இறங்கும்.

துளை போடும் முன் நட்டிலிருந்து பிரிட்ஜுக்கு ஈ தந்தி, ஜி தந்தி ஓடும் வழியில் இரண்டு நூல் பிடித்துப் பாருங்கள். நெக்கின் கடைசி ஃப்ரெட்டில் இரண்டு ஓரத்திலும் ஒரே இடைவெளி இருந்தால் மட்டும் குறி போடுங்கள். பின்னால் தள்ளும் அவசரத்தில் பக்கவாட்டில் 2 மி.மீ. நகர்ந்துவிட்டால் ஜி தந்தி ஓரத்தில் வழுக்கி விழும்.

கீழ்சுருதி:

பிரிட்ஜைக் கழற்றும்போது இரைச்சலையும் பார்த்துவிடுங்கள். தந்தியைத் தொட்டால் இரைச்சல் குறைய வேண்டும். துளிகூட மாறவில்லை என்றால் பிரிட்ஜுக்குப் போகும் எர்த் கம்பி எங்கோ தொடர்பு விட்டிருக்கிறது. மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்து, ஒரு முனையை பிரிட்ஜிலும் மற்றதை ஜாக்கின் வெளிவளையத்திலும் தொடுங்கள்.

மரச்சுருள்:

பீப் வரவில்லை. பிரிட்ஜைத் தூக்கியதும் காரணம் கண்ணில் பட்டது. தட்டையாக மடக்கி வைத்திருந்த கம்பி நுனி மேலேயே வார்னிஷ் அடித்திருக்கிறேன், தேன் நிறத்தில் கண்ணாடி மாதிரி மூடியிருந்தது. உப்புத்தாளால் தேய்த்துச் செம்பு பளிச்சென்று தெரிந்த பிறகு மறுபடி வைத்துப் பார்த்தேன். உடனே பீப். முளைக்குச்சிகளும் அடித்துவிட்டேன், நாளைக்குச் சீவ வேண்டும்.

மரச்சுருள்:

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். பிரிட்ஜ் 8 மி.மீ. பின்னால் போய்விட்டது, பழைய துளை ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. ஈ சாடில் 437-இல் நிற்கிறது, 12-ஆவது ஃப்ரெட்டில் சுருதி காட்டும் கருவியின் முள் நடுவிலேயே இருக்கிறது. மற்ற மூன்றும் ஒரு சென்ட்டுக்குள். தந்தியில் கை வைத்ததும் இரைச்சல் அடங்கிவிடுகிறது.

ஒன்றே ஒன்று பாக்கி. ஈ தந்தியில் முதல் ஃப்ரெட் மட்டும் 9 சென்ட் ஏறுகிறது. இரண்டாவது பரவாயில்லை, ஐந்துக்கு மேல் சுத்தம்.

தச்சர் வீட்டுப் பெண்:

அது நட் பள்ளம் உயரமாக இருப்பது. மூன்றாவது ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கு மேலே இடைவெளியைப் பாருங்கள். ஒரு தாள் நுழையும் அளவு போதும். அதற்கு மேல் இருந்தால் பள்ளத்தை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். ஒவ்வொரு நாலைந்து இழுப்புக்கும் தந்தியை மாட்டிப் பாருங்கள். அரம் ட்யூனர் பக்கம் சரிந்திருக்கட்டும். தந்தி ஃப்ரெட்போர்டு பக்க விளிம்பில்தான் உட்கார வேண்டும்.

மரச்சுருள்:

இரண்டு தாள் நுழைகிறது அக்கா. சின்ன வட்ட அரம் இருக்கிறது, இன்றைக்குச் சாயங்காலமே இறக்கிவிடுகிறேன்.