முகநூலில் தேடிப் பிடித்த ஆளை நம்பிச் செய்தி போடலாமா?

உப்புவெளியான்:
மழை தொடங்கினால் போதும், எங்கள் ஊர்ச் செய்தியாளர்களுக்கு முகநூல்தான் களம். யாரோ போட்ட வெள்ள வீடியோவின் கீழே "அண்ணா, இன்பொக்ஸ் பாருங்கோ" என்று எழுதுகிறார்கள். அந்த ஆள் சொன்னது பின்னேரம் "பிரதேசவாசிகள் தெரிவித்தனர்" என்று வந்துவிடுகிறது. ஒருத்தர் எப்படி ஐயா பிரதேசவாசிகள் ஆவார்? பொலிஸோ அனர்த்த முகாமைத்துவ நிலையமோ உறுதிப்படுத்தாததைப் போடக்கூடாது என்பதுதான் என் கட்சி.

திருமலைப் பெட்டை:
பொலிஸ் சொன்னால் போதும் என்று திருகோணமலையில் இருந்துகொண்டு எழுத எப்படி மனம் வந்தது? 2006 ஜனவரி 2, நம் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். குண்டு வெடித்துச் செத்தார்கள் என்பதுதான் முதலில் வந்த அதிகாரபூர்வக் கதை. 'சுடர் ஒளி' செய்தியாளர் சுகிர்தராஜன் எடுத்த படங்களில் தெரிந்தது சூட்டுக் காயம். அதே மாதம் 24ஆம் திகதி அவரையும் சுட்டுக் கொன்றார்கள்.
அது பழசு என்பீர்கள். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு பொலிஸ் வெளியிட்ட சந்தேக நபர்களின் படங்களில், சம்பந்தமே இல்லாத அமெரிக்க மாணவி ஒருவரின் படமும் இருந்தது. பொலிஸே பிறகு பிழை என்று ஒத்துக்கொண்டது.

உப்புவெளியான்:
தங்கச்சி, நீங்கள் எனக்குத்தான் சாட்சி சொல்கிறீர்கள். சுகிர்தராஜன் நேரில் போனார். எடுத்தவர் யார், எங்கே எடுத்தார் என்று எல்லாருக்கும் தெரியும். வட்ஸ்அப்பில் பத்துக் கை மாறி வரும் படத்துக்கு அப்படி ஒரு ஆளைக் காட்டுங்கள் பார்ப்போம்.

கிண்ணியா சேர்:
காட்டலாம், தேடினால். ஆனால் தேடத் தெரியவேண்டும். எங்கள் குழுவில் பாதை, அதுதான் ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப்போகும் மிதவை, கவிழ்ந்த படம் ஒன்று சுற்றியது. "இண்டைக்கு நடந்தது" என்று ஒருவர். "கிண்ணியாப் பாலம் 2009இலேயே திறந்தாச்சு, இப்ப ஏது பாதை? அதுக்கு முந்தின படம்" என்று இன்னொருவர் அடித்துச் சொன்னார். இரண்டுமே பிழை. அது 2021 நவம்பர் 23, கிண்ணியாவிலேயே உள்ள குறிஞ்சாக்கேணி. அங்கே புதுப் பாலம் கட்டி முடியாததால் சனம் பாதையில்தான் போய்வந்தது. பாடசாலைப் பிள்ளைகளும் செத்தார்கள். கூகுளில் படத்தைப் போட்டுத் தேடியிருந்தால் திகதி உடனே வந்திருக்கும். குறிஞ்சாக்கேணியில் ஒருவருக்குக் கோல் எடுத்தாலும் வந்திருக்கும்.

திருமலைப் பெட்டை:
அதைத்தான் சொல்கிறேன் சேர். பதிவு போட்டவரைக் கண்டுபிடிப்பது முதல் வேலை, அதோடு முடியாது. நான் கேட்பது இதுதான்: "நீங்கள் எடுத்ததா, வந்ததா?" பாதிப்பேர் அதிலேயே "வந்தது" என்பார்கள். எடுத்தவர் என்றால், "அப்படியே திரும்பி நின்று எதிர்ப்பக்கத்தையும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்" என்பேன். அங்கே நிற்காதவரால் அது முடியாது. அப்புறம் அதே தெருவில், முதல் ஆளோடு தொடர்பில்லாத இன்னொருவர். அதே பதிவைப் பகிர்ந்த நாலு பேர் நாலு சாட்சி இல்லை.

உப்புவெளியான்:
சரி, நீங்கள் செய்வீர்கள். செய்திக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் பிராந்திய நிருபர் இதெல்லாம் செய்து முடிக்கும் முன் மற்றவன் போட்டுவிடுவான். அந்தக் காசு பெற்றோலுக்கே காணாது.

கிண்ணியா சேர்:
அது நியாயம். கொழும்பில் இருக்கும் செய்தி ஆசிரியர்கள் "ஏன் இன்னும் வரல்ல?" என்று கேட்கிற வேகத்தில் "யார் சொன்னது?" என்று கேட்பதில்லை.

நிலாவெளிப் பெடியன்:
அக்கா, ஒரு டிப்ஸ். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எடுத்த நேரம், இடம் எல்லாம் அழிந்துபோகும். டொக்யூமென்டாக அனுப்பச் சொன்னால் அப்படியே வரும்.

திருமலைப் பெட்டை:
தெரியும் தம்பி. வெள்ளப் படம் என்றால் கேட்பேன். காணிப் பிரச்சினை, பொலிஸ் அடித்த வீடியோ என்றால் யோசிப்பேன். அந்த இடமும் நேரமும் என் போனில் கிடந்தால், நாளைக்குப் போனைப் பறிக்கிறவனுக்கு எடுத்தவரின் வீட்டு வாசல் வரை வழி தெரியும்.

உப்புவெளியான்:
அப்போ அந்த வீடியோவை எப்படி உறுதிப்படுத்துவீர்கள்?

திருமலைப் பெட்டை:
நேரில் போய். அந்த விஷயத்தில் நான் உங்கள் கட்சி அண்ணை. பொலிஸிடம் கேட்டுப் போடுகிற கதையில் இல்லை.