டர்பனுக்குப் புதிதாக வந்திருப்பவர்கள் உதவிக்கு எங்கே போய் நிற்பது?

வேலை நிமித்தம் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வரும் தமிழ்க் குடும்பங்கள் முதலில் தேடுவது, ஊரிலிருந்து தம்மைப் போலவே வந்தவர்களின் வாட்ஸ்அப் குழுவைத்தான். வாடகை வீடு, மளிகை, பள்ளி விசாரிப்புக்கு அது போதும். ஆனால் விசா நீட்டிப்பு இழுபறியாகும்போதும், வேலை பறிபோகும்போதும், அடி வாங்கிய ஒரு பெண்ணுக்கு அன்றிரவே தங்க இடம் தேவைப்படும்போதும், நேற்று வந்தவர்கள் மட்டும் கூடிய குழுவால் பெரிதாக ஒன்றும் செய்ய இயலாது. ஆகவே, இங்கே முன்பே வேரூன்றிய உதவி அமைப்புகளோடு, தேவை எழுவதற்கு முன்னரே பழக்கம் ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

அவை வளர்ந்த விதம் தெரிந்தால் யாரை அணுகுவது என்பதும் விளங்கும். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து சேர்ந்தவர்களும், 1911 வரை அவர்களைத் தொடர்ந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளர்களும், அரசு கைகொடுக்கும் என்று காத்திராமல் கோயில்களையும் பல பள்ளிகளையும் தாங்களே பணம் திரட்டிக் கட்டினார்கள். 1921இல் தொடங்கிய ஆரியன் பெனவலன்ட் ஹோம் அந்த வழியில் வந்ததே. முதியோருக்கும் ஆதரவற்ற குழந்தைகளுக்கும் புகலிடமாக வளர்ந்தது. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டத்தால் வீடிழந்த இந்தியக் குடும்பங்கள், நகருக்கு வெளியே சாட்ஸ்வொர்த்திலும் பின்னர் ஃபீனிக்ஸிலும் குடியமர்த்தப்பட்டபோது, கோயில் சங்கங்கள் அங்கேயும் மறுபடி தழைத்தன.

இதற்கு அடுத்த வட்டம் நம்மவர்களோடு நிற்பதில்லை. 2008இலும் 2015இலும் வெளிநாட்டவர் மீது வன்முறை வெடித்த இந்நாட்டில், காங்கோ, புருண்டி, ஜிம்பாப்வே மக்களுக்குத் துணை நிற்கும் அமைப்புகளும் உண்டு. இமானுவேல் பேராலயத்தை ஒட்டி 2015இல் திறக்கப்பட்ட டெனிஸ் ஹர்லி மையம், வீடற்றோருக்கும் அகதிகளுக்கும் மதம் பாராமல் உணவும் மருத்துவமும் அளிக்கிறது. லாயர்ஸ் ஃபார் ஹ்யூமன் ரைட்ஸ் என்ற சட்ட உதவி அமைப்பு அகதிகள், குடியேறியோர் தொடர்பான வழக்குகளை எடுத்து நடத்துகிறது. ‘அது அகதிகளுக்கு, நமக்கெதற்கு?’ என்று நம்மில் பலர் ஒதுங்குகிறார்கள். விசா காலாவதியானபின் அந்த வேறுபாடு எவ்வளவு மெலிந்துவிடும் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை.

கோயில் சங்கத்துக்குள் நுழைய ஆடி மாதமே நல்ல வாய்ப்பு. இங்கே ‘போரிட்ஜ் பிரேயர்’ என்று சொல்லப்படும் அம்மன் கூழ் வழிபாட்டன்று முன்னதாகவே போய், அண்டா கழுவவும் பரிமாறவும் நில்லுங்கள். பேச்சு ஆங்கிலத்தில்தான் இருக்கும். தேவாரத்தைக்கூட ஆங்கில எழுத்தில் அச்சிட்ட தாளைப் பார்த்துத்தான் பலர் பாடுவார்கள். அதற்கு முகம் சுளிப்பவர்களை அடுத்த முறை யாரும் கூப்பிட மாட்டார்கள், அது நியாயமும்கூட. உங்களருகே பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருக்கும் ஆன்ட்டி ஓய்வுபெற்ற செவிலியராகவோ சமூகப் பணியாளராகவோ இருக்கலாம்; எந்த அலுவலகத்தில் யாரைப் பார்ப்பது என்பது அவரைப் போன்றவர்களிடம்தான் கிடைக்கும்.

ஆவண நகல்களுக்குச் சான்றொப்பம் பெற முகவரிடம் காசு கொடுக்காதீர்கள். அசலோடு காவல் நிலையத்துக்குப் போனால் இலவசமாகவே முத்திரையிட்டுத் தருவார்கள். அவசர சிகிச்சையை எவருக்கும் மறுக்கக்கூடாது என்பது அரசமைப்பின் 27ஆம் பிரிவு. வெளிநாட்டவர் என்று மருத்துவமனை வாசலில் யாரேனும் தடுத்தால் அதைச் சொல்லுங்கள், உடனே மேற்சொன்ன அமைப்புகளில் ஒன்றுக்குத் தகவல் கொடுங்கள்.

நன்கொடை கேட்கும் சங்கம் எதுவானாலும் சமூக மேம்பாட்டுத் துறையில் பெற்ற பதிவு எண் உண்டா என்று விசாரியுங்கள். எல்லாச் சிறு சங்கங்களும் பதிந்திருப்பதில்லை, ஆனால் கேட்டதும் கோபப்படுகிறவர்களிடம் எச்சரிக்கை தேவை. விசா வாங்கித் தருகிறேன் என்பவர் கோயிலில் அறிமுகமானவரே ஆனாலும், அசல் கடவுச்சீட்டை அவர் கையில் விட்டு வராதீர்கள்.