கோப்பை வந்தது, லீக் போனது: விகன் கண்டது லாபமா?

செக்காலைக்காரன்
நேற்று மாலை கொப்புடையம்மன் கோயில் பக்கத்து டீக்கடையில் பாதியில் நின்ற சண்டையை இங்கே தொடர்கிறேன். விஷயம், இங்கிலாந்துக் கால்பந்து அணிகள் தோற்றால் வெளியேறும் முறையில் ஆடும் எஃப்.ஏ. கோப்பை, 2012–13 பருவம். 2013 மே 11 அன்று வெம்பிளியில் மான்செஸ்டர் சிட்டியை 1–0 என்று விகன் அத்லெடிக் வீழ்த்தியது. மூன்றே நாளில் ஆர்சனலிடம் 4–1 என்று தோற்று, அந்த நாட்டின் முதல் நிலைப் போட்டியான பிரீமியர் லீக்கிலிருந்து இரண்டாம் நிலைக்கு இறங்கியது. ஒரே பருவத்தில் அந்தக் கோப்பையையும் வென்று, லீக்கிலும் இறங்கிய முதல் அணி அதுதான். அந்தக் கோப்பைக்காக அந்த இறக்கத்தை இரு கையாலும் வாங்கிக்கொள்ளலாம் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

ஐந்தொகை
வந்துவிட்டேன் தம்பி. டீக்கு நேற்றுக் காசு கொடுத்தவனும் நான்தான், அதையும் எழுதியிருக்கலாம்.

கோப்பையை வென்றதற்குப் பரிசு 18 லட்சம் பவுண்டு. லீக்கில் கடைசியாக வந்த அணிக்கே ஏறத்தாழ 4 கோடி பவுண்டு கிடைத்தது. வட்டிக்கு ஆசைப்பட்டு முதலைத் தொலைத்தவனுக்கு நம் பக்கம் என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும். 2005இல் மேலே வந்து எட்டுப் பருவம் தாக்குப்பிடித்த அணி, 2015இல் மூன்றாம் நிலைக்கே போனது. 2020இல் கடனில் மூழ்கி, அதற்குத் தண்டனையாக 12 புள்ளிகளை இழந்து மறுபடியும் இறங்கியது. இவ்வளவையும் ஒரு வெள்ளிப் பாத்திரத்தின் பற்றில் எழுதுவீர்களா? அதுவும் சுழற்கோப்பை. அடுத்த ஆண்டு திருப்பிக் கொடுக்க வேண்டியது.

பள்ளத்தூர் ஆச்சி
ஐந்தொகை அண்ணன் செலவைத் தவறான பேரேட்டில் எழுதுகிறார். கோப்பையா விகனைக் கீழே தள்ளியது? மே 7 அன்று சொந்த மைதானத்தில் ஸ்வான்சியிடம் 3–2 என்று தோற்றார்களே, அது லீக் ஆட்டம். 38 ஆட்டத்தில் 36 புள்ளி, 18ஆம் இடம். ஆகஸ்ட் முதலே ஒழுகிய கூரைக்கு மே மாத மழையைக் குற்றம் சொல்லக் கூடாது.

இன்னொன்றும் கேட்கிறேன். கானாடுகாத்தானில் பர்மாத் தேக்கு இறக்கி இரண்டு தெருவுக்கு நீளும் வீடு கட்டினார்களே, அவர்கள் எந்த வட்டி விகிதத்தைப் பார்த்துக் கட்டினார்கள்?

ஐந்தொகை
நல்ல உதாரணம் கொடுத்தீர்கள் ஆச்சி, எனக்குத்தான் உதவும். அந்த வீடுகளில் எத்தனை இன்று பூட்டிக் கிடக்கின்றன? காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு ஒரு நடை போய் வாருங்கள். தூணும் நிலைக்கதவும் விலைச்சீட்டோடு நிற்கின்றன.

கோப்பைக்கும் லீக் சரிவுக்கும் சம்பந்தமே இல்லை என்பதையும் ஏற்க மாட்டேன். இறுதியாட்டம் சனிக்கிழமை, ஆர்சனல் ஆட்டம் செவ்வாய்க்கிழமை. கால் ஓய்வது எப்போது?

பள்ளத்தூர் ஆச்சி
விலைச்சீட்டோடு நின்றாலும் இன்னார் வீட்டுத் தூண் என்றுதானே கடைக்காரரே சொல்லி விற்கிறார்.

தேவகோட்டை எல்லைக்கோடு
இரண்டு கட்சியிலும் நான் இல்லை. கோப்பையின் அழகைப் பேசுவதென்றால் அந்தப் பருவத்துக்கு விகனைப் பிடித்துத் தொங்குவது ஏன்? அவர்கள் வந்த பாதையைப் பாருங்கள். மூன்றாம் நிலையில் இருந்த போர்ன்மத்தோடு 1–1, பிறகு மறு ஆட்டத்தில் 1–0. லீக்குக்கு வெளியே இருந்த மேக்கில்ஸ்ஃபீல்டை ஒரு பெனால்ட்டியால் 1–0. பிறகு ஹடர்ஸ்ஃபீல்டு, அரையிறுதியில் மில்வால். காலிறுதியில் எவர்டனை அவர்கள் ஊரிலேயே 3–0 என்று அடித்தது ஒன்றுதான் பெரிய வேலை.

உண்மையான வீரம் ஜனவரி 26 அன்று நடந்தது. ஐந்தாம் நிலையில் ஆடிய லூட்டன், பிரீமியர் லீக் அணியான நார்விச்சை அதன் சொந்த மைதானத்தில் 1–0 என்று வென்றது. 1989இல் சட்டன் யுனைடெட் கவென்ட்ரியை வென்ற பிறகு, லீக்குக்கு வெளியே இருந்த ஓர் அணி முதல் நிலை அணியை வென்றது அதுவே முதல் முறை. மறுநாள் ஓல்டம் 3–2 என்று லிவர்பூலை வெளியேற்றியது. நம் பக்கத்து எழுவர் கால்பந்துப் போட்டிக்கு வெளியூர் ஆட்டக்காரர் யாரும் இல்லாமல் வந்து பெரிய அணியை அனுப்பிவைக்கும் பையன்கள் மாதிரி. இவர்களை யாரும் டீக்கடையில் பேசுவதில்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன். இறுதியாட்டத்தின் சிறந்த வீரரான விகனின் மெக்மனமன், மார்ச்சில் நியூகாசிலின் ஹைதாராவின் முழங்காலில் மிதித்து அவரை ஸ்ட்ரெச்சரில் அனுப்பியவர். அட்டையும் இல்லை, பிறகு தடையும் இல்லை. எனக்கு அந்தக் கசப்பு போகவில்லை.

செக்காலைக்காரன்
மெக்மனமன் விஷயத்தில் வாதாட மாட்டேன், அது அசிங்கம். ஆனால் பாதை எளிது என்பதை விடமாட்டேன். குலுக்கலில் வந்த எதிரியோடுதானே ஆட முடியும்? கடைசியில் நின்றது சிட்டி, முந்தைய ஆண்டின் லீக் சாம்பியன்.

அந்த இரவை எப்படி மறப்பது? நம் நேரம் 9.45க்கு ஆட்டம். விகன் அணியைக் களத்துக்கு அழைத்து வந்தவர் கழகத்தின் தலைவர் டேவ் வீலன். 1960 இறுதியாட்டத்தில் பிளாக்பர்னுக்காக ஆடிக் கால் முறிந்து வெளியே போனவர். 84ஆம் நிமிடத்தில் சிட்டியின் சபலெட்டா சிவப்பு அட்டை வாங்கினார். அதற்கு மூன்று நிமிடம் முன்புதான் விகனின் பென் வாட்சன் மாற்று வீரராக இறங்கியிருந்தார். நவம்பரில் அவருக்கும் கால் முறிந்திருந்தது. 90 நிமிடம் முடிந்துவிட்டது. மலோனி கார்னர் அடிக்கிறார். முதல் கம்பத்தின் பக்கம் வாட்சன் ஓடி வந்து தலையால் ஒரு தட்டு. முறிந்த காலோடு 53 ஆண்டு காத்திருந்தவருக்கு, முறிந்த கால் ஆறியவர் வாங்கிக் கொடுத்த கோப்பை! இரண்டே நாளில் சிட்டி தன் பயிற்சியாளர் மான்சினியை வீட்டுக்கு அனுப்பியது. ஐந்தொகை அண்ணே, இதை எந்தப் பத்தியில் எழுதுவீர்கள்?

ஐந்தொகை
நற்பெயர்க் கணக்கில் எழுதுவேன். ஆண்டுதோறும் தேய்த்துக் கழிப்பேன்.

தேவகோட்டை எல்லைக்கோடு
முழுதாகத் தேயவில்லை போலிருக்கிறது. 2014 காலிறுதியில் சிட்டியை அவர்கள் மைதானத்திலேயே 2–1 என்று விகன் மறுபடி வென்றது. 2018இல் மூன்றாம் நிலையில் இருந்துகொண்டும் 1–0. விகனைப் பிடிக்காத நானே எடுத்துக் கொடுக்கிறேன், பாருங்கள்.

பள்ளத்தூர் ஆச்சி
அண்ணே, ஒன்று கேட்டால் கோபிக்கக் கூடாது. வாட்சன் தலையால் தட்டியபோது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? இவ்வளவு எழுதியும் அந்த கோலைப் பற்றி ஒரு வரி இல்லையே.

ஐந்தொகை
85ஆம் நிமிடத்தில் மின்வெட்டு. அந்த ஆண்டு எப்படி இருந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். 0–0, கூடுதல் நேரம் போகும் என்று பனையோலை விசிறியை எடுத்துக்கொண்டு திண்ணையில் படுத்துவிட்டேன். காலையில் நாளிதழில்தான் பார்த்தேன்.

செக்காலைக்காரன்
பிறகு காணொளியில் கூடவா பார்க்கவில்லை?

ஐந்தொகை
இல்லை. சுட்டி இருந்தால் போடுங்கள் தம்பி. கார்னரிலிருந்து போதும்.