பாமினியில் இருக்கும் ஸ்லைடுகளை யூனிகோடுக்கு மாற்றுவது எப்படி?

கேட்டவர், கோபிசெட்டிபாளையம்:
வணக்கமுங்க. மஞ்சள் சாகுபடி பற்றி வகுப்பெடுக்க அப்பா செய்து வைத்த பவர்பாயிண்ட் ஸ்லைடுகள் 64 இருக்கின்றன, எல்லாமே பாமினி எழுத்துரு. அடுத்த வாரம் பவானியில் அவருக்குப் பதில் மகள் நான் எடுக்கிறேன். அங்குள்ள கணினியில் பாமினி கிடையாது, ‘மஞ்சள்’ இருக்க வேண்டிய இடத்தில் கே, கியூ, அரைப்புள்ளி, ஆர், எஸ், அரைப்புள்ளி என்று நிற்கிறது. பவர்பாயிண்டின் ரீப்ளேஸ் ஃபான்ட்ஸில் நிர்மலா யுஐ என்ற யூனிகோடு எழுத்துருவைக் கொடுத்துப் பார்த்தேன், மாறவில்லை. அவர் அடித்ததை அழித்துவிட்டுப் புதிதாக அடிக்க மனசு வரவில்லை.

பதில், பொள்ளாச்சி:
அம்மணி, அது எழுத்துருவின் பெயரைத்தான் மாற்றும். கோப்புக்குள் கிடப்பது ஆங்கில எழுத்துகள்தான், பாமினி அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது, அவ்வளவே. யூனிகோடில்தான் தமிழ் எழுத்தே கோப்புக்குள் இருக்கும். கோப்பை ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற மென்பொருளில் பாமினியிலிருந்து யூனிகோடு என்று தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு டெக்ஸ்ட் பாக்ஸாக மாற்றி ஒட்டுங்க. பிஎஸ்ஆர் 2 என்று ஆங்கிலத்தில் அடித்த ரகப் பெயரையும் சேர்த்துக் கொடுத்தால் அதையும் தமிழ் என்று நினைத்துக் குதறிவிடும், அதை மட்டும் விட்டுவிடுங்க. அவுட்லைனாகச் சேமித்து மொத்தமாக எடுக்கலாம் என்பார்கள், தனியாகப் போட்ட டெக்ஸ்ட் பாக்ஸ் எதுவும் அதில் வராது. வகுப்புக்குள் முடியாவிட்டால் பாமினி உள்ள கணினியிலேயே பிடிஎஃப் ஆக்கி எடுத்துப் போங்க.

கேட்டவர்:
நன்றிங்க அண்ணா. 20 முடித்தேன். ஆனால் ‘நோய்கள்’ என்ற தலைப்பு ‘நாய்கள்’ ஆகிவிட்டது, முன்னால் ஒரு புள்ளி வட்டத்தோடு கொம்பு மட்டும் தனியாக நிற்கிறது! முதல் எழுத்து சிவப்பு என்பதால் அதைத் தனியாக மாற்றினேன்.

பதில், திருப்பூர்:
அதுதான் காரணம். பாமினியில் ‘நோ’ மூன்று துண்டு: இரட்டைச் சுழிக் கொம்பு, ந, கால். நீங்கள் முதல் எழுத்து என்று எடுத்தது கொம்பை மட்டும். யூனிகோடில் ‘ந’ முதலில், ஓகாரக் குறி பின்னால். துண்டுகள் சேர்ந்திருந்தால்தான் கன்வெர்ட்டரால் அதை ஒழுங்குபடுத்த முடியும். முழுச் சொல்லையும் மாற்றுங்கள், நிறம் அப்புறம். பைத்தானில் நிரல் எழுதிச் செய்பவர்களுக்கும் இதே சிக்கல் வரும், ஒரே எழுத்துருவில் அடுத்தடுத்து வரும் ரன்களை, அதாவது நிறம் போன்றவை மாறும் இடத்தில் பிரியும் எழுத்துத் துண்டுகளை, சேர்த்த பிறகே மாற்ற வேண்டும்.

கேட்டவர்:
சரியாகிவிட்டது! 64-ம் முடிந்தது. நிர்மலாவில் எழுத்து அகலமாகி வரிகள் பெட்டிக்கு வெளியே போயின, எழுத்தின் அளவு 28-ஐ 24 ஆக்கினேன். படமாக ஒட்டியிருந்த இரண்டு தலைப்புகளை மட்டும் கையால் அடித்தேன். மற்றதெல்லாம் அப்பா எழுதினபடியே இருக்கிறது.